லாரன்ஸ் ரோட்டைச் சீரமைத்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடலூர்க்காரர்கள் எங்கே போகிறார்கள்? நிறையப் பேர் புதுச்சேரிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம். நேரு வீதியில் துணி, காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், அப்படியே கடற்கரையில் காலாற ஒரு நடை. போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம்மூரில் சம்பாதித்த காசு அடுத்த ஊர்க் கல்லாவில் விழும்போது, இங்கே கடையில் நிற்கும் பெண்ணுக்கும், வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கும் அன்றைய வரும்படி குறைகிறது.

கடலூர் அடி மேல் அடி வாங்கிய ஊர். 2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். துறைமுகத்தின் மவுசோ அதற்கெல்லாம் வெகு முன்பே போய்விட்டது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனபோது, ஆங்கிலேயர் நம்மூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இருந்துதான் சோழமண்டலக் கரை நிர்வாகத்தை நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஊர் இது. 2021-ல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. லாரன்ஸ் ரோட்டுக் கடைத்தெரு மட்டும் பழையபடியே இருக்கிறது.

இப்படித் துறைமுகத்தால் வளர்ந்து, துறைமுகத்தோடு சரிந்த இன்னொரு ஊர் இங்கிலாந்தின் லிவர்பூல். 1931-ல் அங்கே எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். 2001-ல் நாலரை லட்சம்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த நடுவூர்ப் பகுதியில் ஒரு பங்கு பல காலம் கார் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. அங்கேதான் 2008-ல், சுமார் 42 ஏக்கரில், ‘லிவர்பூல் ஒன்’ என்ற கடைவீதி திறந்தது. நான்கு சுவர் எழுப்பி, ஏசி போட்டு, ஊரைப் பார்க்காமல் திரும்பி நிற்கிற மால் கட்டவில்லை. வானம் பார்த்த தெருக்களாகவே அமைத்தார்கள். பழைய கடைத்தெருவில் இருந்து நடக்கத் தொடங்கினால், புதுக்கடைகள் வழியாக ஆல்பர்ட் டாக் கப்பல்துறைப் பக்கம் போய்ச் சேரலாம். வெளியூருக்குக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டு ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டதால், எல்லாப் பெருமையையும் கடைவீதிக்கே கொடுத்துவிடவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் குவிகின்ஸ் என்ற பழைய கட்டடத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் இருந்தார்கள். பழைய துணி, இசைத்தட்டு, இளைஞர்கள் தேடி வரும் சாமான்கள். கட்டாயக் கையகப்படுத்தலில் 2006-ல் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஊர் செழித்தது, அவர்கள் அங்கே இல்லை. இப்படி வெளியேற்றியதை மட்டும் நாம் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சரி, நம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதிக்கு வருவோம். லாரன்ஸ் ரோட்டைப் போல வசதியான இடம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? பஸ் நிலையமும் ரயில் நிலையமும் எட்டு வைக்கும் தூரம். பக்கத்திலேயே பாடலீஸ்வரர் கோயில், பான்பரி மார்க்கெட். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி சனங்கள் வந்து இறங்கும் இடம். ஆனால் முகூர்த்த நாளில் அங்கே நடந்து பாருங்கள். நடைபாதையில் சரக்கு, அதை ஒட்டி இரண்டு வரிசை டூவீலர், மிச்சத்தில் ஆட்டோவும் காரும். குழந்தையைக் கையில் பிடித்த தாய் நடுரோட்டில்தான் நடக்க வேண்டும். அவர் ஒரு கடையில் வாங்கிய கையோடு கிளம்பிவிடுவார். நாலு கடை ஏறி இறங்கினால்தானே வியாபாரம்?

கடைக்குள் நிற்பவர்களையும் பாருங்கள். விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கழிப்பறை? பல சின்னக் கடைகளில் கிடையாது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் பொழுதை ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவைச் சீரமைப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுத்தமான, தண்ணீர் வருகிற, இரவு கடை அடைக்கும்வரை திறந்திருக்கிற பொதுக் கழிப்பறைதான். அலங்கார விளக்கெல்லாம் அப்புறம்.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள், மக்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். அதே தெருவில் நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே மாடிக் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பூவும் வளையலும் வாங்க யார் படியேறுவார்கள்? தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் அந்த வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. கடலூரில் வரைபடம் போடும் முன் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

பான்பரி மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதென்றால் ஒரேயடியாக இடிக்கக் கூடாது. ஒரு பகுதியைக் கட்டி முடித்து, அந்தக் கடைக்காரர்களைக் குடியேற்றிவிட்டு, அடுத்த பகுதியில் கை வைக்க வேண்டும். யாருக்கு எந்தக் கடை, வாடகை எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு அது ஏறாது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கடையைக் காலி செய் என்றால் யார் செய்வார்கள்? புதுக் கட்டடத்தில் குறிஞ்சிப்பாடிக் கைலிக்கும், பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் கண்ணில் படுகிற இடத்தில் கடை ஒதுக்கலாம். புதுச்சேரிக்காரர்கள் இங்கே வருவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கும்.

இத்தனைக்கும் கோடிகள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வரும் ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நேரம் மட்டும் லாரன்ஸ் ரோட்டில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கலாம். வணிகர் சங்கமும் மாநகராட்சியும் போலீசும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அந்த மாலைகளில் கல்லாவில் எவ்வளவு விழுந்தது என்று கடைக்காரர்களே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.