வெட்டி எடுத்தாலும் அவருடையதே

நடுவர் அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

சத்திரசிகிச்சையில் அகற்றிய உறுப்பை நோயாளி நினைவாக வைத்திருக்கலாமா என்பது இன்றைய வழக்கு. வைத்திருக்கலாம் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் தீட்டு என்றார், தொற்று என்றார். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டிவிட்ட சனம் நாங்கள். தீட்டுக்கு இந்தப் பதில் போதும்.

தொற்றுப் பயம் நியாயமானது. அதனால்தான் முறையைச் சொல்ல வந்தேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் உறுப்பு எரியூட்டிக்குப் போயிருக்கும். நோயியல் ஆய்வுக்கே முதலுரிமை. வெளியே ஒன்றும் தெரியாத பித்தப்பைக்குள்ளும் புற்றுநோய் ஒளிந்திருக்கும். காசநோய் போன்ற தொற்று இருந்தால் நாங்களும் கேட்கமாட்டோம்.

பதப்படுத்துவது ஆய்வுகூடத்தின் வேலை. திசுவை அழுகாமல் இறுக்கும் இரசாயனம் போர்மலின். கடையில் வரும் செறிந்த போர்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அமிலமாகாதிருக்கத் தாங்கல் உப்பு. உப்பை விட்டால் இரத்தம் உள்ள இடமெல்லாம் கருந்தூள் படியும். திரவம் திசுவைப் போல் பத்து மடங்காவது வேண்டும். போர்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். அதுவும் ஆழம் போகப் போக மந்தமாகும். குடல்வளரிக்கு ஒரு நாள் போதும். தேங்காயளவு கருப்பைக் கட்டியை முழுதாகப் போட்டால் வெளியே இறுகி, நடுவில் அழுகும். கீறித்தான் போட வேண்டும். பித்தப்பையைத் திறந்து பித்தநீரை வடிக்காவிட்டால் உட்சுவர் கரைந்துவிடும்.

போர்மலின் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனம், வீட்டுக்கு அது ஆகாது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, 70 சதவீத அற்ககோலுக்கு மாற்றி, இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் கொடுக்கட்டும். சாராயத்தில் ஊறப்போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதில் அற்ககோல் 40 சதவீதத்துக்கும் குறைவு, நாளடைவில் கெட்டுவிடும். எங்கள் வெக்கைக்கு மூடி வழியே ஆவி போகும், மட்டம் குறைந்தால் நிரப்ப வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் சாமி விளக்குப் பக்கம் வைக்கவே கூடாது. இரத்தச் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாவதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுதாகிவிட்டதென்று சனம் பதறும்.

பித்தக்கல்லுக்கு இதெல்லாம் வேண்டாம். கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். ஸ்பிரிற்றில் போட்டால் கல்லிலுள்ள கொலஸ்ரரோல் கரையத் தொடங்கி அது உருக்குலையும்.

எதிரணித் தங்கை கேட்டார்: "யாருக்கு வேண்டும் இது?" 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் சண்டையில் கால் இழந்த அமெரிக்கத் தளபதி டானியல் சிக்கிள்ஸ், அந்தக் காலின் எலும்பை இராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, கால் போன நாளில் ஆண்டுதோறும் போய்ப் பார்த்தும் வந்தாராம். மிதிவெடியிலும் செல்லடியிலும் கால் போன எத்தனையோ பேர் வாழும் மண் இது, தங்கச்சி. அவர்களில் ஒருவர் என் எலும்பைத் தாருங்கள், எங்கள் வளவில் புதைக்கிறேன் என்று கேட்டால், எரித்தாயிற்று என்பதா நாங்கள் கொடுக்கும் பதில்? சம்மதப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறோம், நடுவர் அவர்களே: "அகற்றும் உறுப்பு உங்களுக்கு வேண்டுமா?"