எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?

(கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மண்டலக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த கால்பந்துப் போட்டியின் நிறைவு விழாவில் முன்னாள் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பாதுகாப்புக்கு வந்து, இரண்டாம் பாதி முழுவதையும் உட்காராமல் கோட்டோரம் நின்றே பார்த்த காவல் உதவி ஆய்வாளர் அவர்களே, கோப்பைக்கும் ரொக்கப் பரிசுக்கும் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிவிட்டு இந்த நேரம் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, ஜெனரேட்டருக்கு டீசல் கொடுத்த விசைப்படகு உரிமையாளர்களே, ஜெயித்த அணியே, அதைவிட நன்றாக ஆடித் தோற்ற அணியே, மணலில் உட்கார்ந்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உதவி ஆய்வாளர் அவர்களுக்கு இன்னொரு தடவை தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த பெனால்டி கொடுத்தபோது நடுவரைச் சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். அவர் லத்தியைத் தொடவில்லை. "அது பெனால்டிதான்யா, நானும் பார்த்தேன்" என்றார். கூட்டம் கலைந்துவிட்டது. சட்டம் ஒழுங்கும் ஆட்ட விதியும் தெரிந்த அதிகாரி கிடைப்பது அபூர்வம்.

ஃபாதர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, ஆட்டக்காரர்களைப் பற்றி ரசிகர்களாகிய நாம் பேசுகிற பேச்சு. இரண்டு, டிரான்ஸ்ஃபர், அதாவது ஆட்டக்காரன் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போவது. மூன்று, உலகக்கோப்பை.

1990 உலகக்கோப்பையில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதின. மரடோனா மூன்று நான்கு பேரை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தை நழுவவிட, கனிஜ்ஜியா கோல் அடித்தார். ஒன்றுக்குப் பூஜ்ஜியம். பிரேசில் வீட்டுக்குப் போனது. அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானும் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குலே காயுது?" மரடோனாவுக்குச் சம்பளம் வருது, உனக்குக் கிழிந்த சட்டைதானே என்று அர்த்தம். மேடையில் சொல்லக் கூடாத சொல் என்று யாராவது நினைத்தால், ஃபாதர் சிரிக்கிறார், பாருங்கள்.

அர்ஜென்டினாவின் மெஸ்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டியில் தோற்றார்கள். மெஸ்ஸி அடித்ததே வெளியே போனது. தேசிய அணிக்கு இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நம்ம டீக்கடையில் என்ன பேசினோம்? "பார்சிலோனாவுக்குத்தான் ஆடுவான், நாட்டுக்கு ஆட மாட்டான்." பிறகு திரும்பி வந்தார். 2021-ல் பிரேசிலின் மாரக்கானா மைதானத்தில் பிரேசிலையே தோற்கடித்துக் கோப்பா வாங்கினார். 2022 உலகக்கோப்பையில் நவம்பர் 22 அன்று சவூதி அரேபியாவிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றதும் அதே டீக்கடை, அதே ஆட்கள்: "முடிஞ்சது, வயசாயிட்டு." டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைலில் பிரான்சோடு இறுதி ஆட்டம், மூன்றுக்கு மூன்று, பெனால்டியில் கோப்பை. அப்புறம் அந்த ஆட்களைத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் நீலக்கோடு போட்ட பனியனில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்! பிரான்சின் எம்பாப்பே அன்று மூன்று கோல் அடித்தும் தோற்றார். உலகக்கோப்பை இறுதியில் மூன்று கோல் என்பது 1966-ல் ஜெஃப் ஹர்ஸ்டுக்குப் பிறகு அவர்தான். அவருக்காக இந்த ஊரில் ஒரு ஊசிவெடிகூட வெடிக்கவில்லை.

அது கிடக்கட்டும். நமக்குப் பாரிஸில் விங் ஆடுகிறவனைப் பற்றி ஒரு அபிப்பிராயம், மட்ரிட்டில் கோல் காப்பவனைப் பற்றி ஒரு அபிப்பிராயம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று ஆடி, கொல்கத்தா ஏ.டி.கே. அணிக்குப் போய் அங்கே ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கோப்பையும் வாங்கினார். 2020 சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்ச் சீசன் முழுக்க வெளியே இருந்தார். அந்த முழங்காலைப் பற்றி இங்கே எத்தனை பேர் ஒரு வாரமாவது பேசினோம்? 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று ஜெயித்தது. சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். சேத்ரி கைகூப்பாத குறையாக ஒரு வீடியோவில் கேட்டார்: திட்டுவதென்றாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஒரு மனிதன் கேட்டால்தான் வருவோமா?

சரி, டிரான்ஸ்ஃபருக்கு வருகிறேன். ஃபீகோ கதை தெரியுமா? வயசாளிகளுக்குத் தெரியும். சின்னப் பையன்களுக்காகச் சொல்கிறேன்.

லூயிஸ் ஃபீகோ போர்ச்சுகல்காரர். 1995 முதல் ஐந்து வருடம் பார்சிலோனாவுக்கு ஆடினார். அந்த ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 2000-ல் ரியல் மட்ரிட் கிளப்பில் தலைவர் தேர்தல். அங்கே கிளப்புக்கு முதலாளி கிடையாது. சந்தா கட்டுகிற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பார்சிலோனாவும் அப்படித்தான். அப்போது தலைவராக இருந்த சான்ஸ் மூன்று வருடத்தில் இரண்டு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். எதிர்த்து நின்றவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ், கட்டுமானத் தொழிலதிபர். அவர் ஒரே வாக்குறுதி கொடுத்தார்: என்னைத் தேர்ந்தெடுத்தால் பார்சிலோனாவிலிருந்து ஃபீகோவைக் கொண்டுவருவேன், முடியவில்லை என்றால் உறுப்பினர்களின் சீசன் டிக்கெட் காசை நான் கட்டுகிறேன்.

ஊராட்சித் தலைவர் குறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது. (சிரிப்பு) தலைவர் அவர்களே, நம்ம ஊருக்கு ஃபீகோ வேண்டாம், கடலரிப்புத் தடுப்புச் சுவர் போதும். அது கால்பந்து மைதானத்துக்கும் சேர்த்து.

பெரெஸின் வாக்குறுதியைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரெஸ் ஜெயித்தார். ஒப்பந்தத்தை உடைக்கிற தொகை ஆயிரம் கோடி பெசேட்டா, ஏறத்தாழ 60 மில்லியன் யூரோ. அன்றைக்கு உலகச் சாதனை. அதைக் கட்டி ஃபீகோவை அழைத்துப் போனார். ரெண்டு கோப்பை கொடுத்த சான்ஸ் வீட்டுக்குப் போனார்.

அக்டோபரில் ஃபீகோ ரியல் மட்ரிட்டின் வெள்ளைச் சட்டையில் பார்சிலோனா மைதானத்துக்கு வருகிறார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கொள்கிற இடம். என்ன எழுதிப் பிடித்திருந்தார்கள் தெரியுமா? "யூதாஸ்." நமக்கு விளக்கவே வேண்டாம், பெரிய வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிற பெயர். அவர் முகம் அச்சடித்த கள்ள நோட்டுகளைக் காற்றில் பறக்கவிட்டார்கள். கார்னர் என்றால் கூட்டத்துக்குப் பக்கத்தில், மைதானத்தின் மூலையில் நின்று அடிக்க வேண்டும். அன்றைக்கு அவர் கார்னர் அடிக்கவே போகவில்லை. புத்திசாலி.

2002 நவம்பரில் மறுபடி வந்தார். இந்தத் தடவை கார்னர் அடிக்கப் போனார். மூலையில் போய் நின்றதும் நாணயம், லைட்டர், பாட்டில், விஸ்கி பாட்டில்கூட வந்து விழுந்தது. அவர் மெதுவாக, மிக மெதுவாக பாட்டில்களை அப்புறப்படுத்துகிறார். கூட்டத்துக்கு இன்னும் வெறி. நடுவர் இரண்டு அணியையும் உள்ளே அனுப்பிவிட்டார். கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. அந்தப் புல்லில் கேமராக்காரர்கள் என்ன பார்த்தார்கள் தெரியுமா? ஒரு பன்றித் தலை.

நான் கேட்கிறேன், ஒரு மனிதன் கால்பந்து பார்க்கப் போகும்போது பன்றித் தலையோடு ஏன் போகிறான்? கையில் கிடைத்ததைக் கோபத்தில் எறிந்தான் என்று சொல்ல முடியாது. காலையிலேயே கடைக்குப் போயிருக்கிறான். "தலை மட்டும் போதுமா, உடம்பு வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்டிருப்பார். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போயிருப்பான். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பிடித்திருப்பார். வாசலில் சோதனை செய்தவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பார்? "சரி, இவன் வீட்டில் விசேஷம் போல"! பாதி ஆட்டம் வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஃபீகோ தன் பக்கத்து மூலைக்கு வருவதற்காக. வந்தார். எறிந்தான். ஆட்டம் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். ஃபீகோ சம்பளத்தை வாங்கிக்கொண்டு மட்ரிட் போனார். இவனுக்கு ராத்திரி குழம்புக்குத் தலையும் இல்லை. எள்ளு எண்ணெய்க்குக் காயுது! எலிப்புழுக்கை? (கூட்டம்: "எதுக்குக் காயுது!")

அப்படிச் சொல்லுங்கள்.

ஆனால் ஆட்டக்காரனையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. 1995 டிசம்பருக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த பிறகும்கூடப் பழைய கிளப் காசு கேட்கலாம், கொடுக்காவிட்டால் ஆளை விடாமல் வைத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்துக்காரர் ஜான்-மார்க் போஸ்மான் ஐந்து வருடம் வழக்காடி அதை உடைத்தார். இன்று எம்பாப்பே ஒப்பந்தம் முடிந்து சல்லிக்காசு டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் மட்ரிட் போனது அந்த மனிதன் போட்ட வழியில்தான். போஸ்மானின் சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கோடு போய்விட்டது.

இன்னொருவர் பிரெஞ்சு ஆட்டக்காரர் பால் போக்பா. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் 2012-ல் அவரைச் சில்லறைக்கு இத்தாலியின் ஜுவென்டஸிடம் விட்டது. 2016-ல் அதே ஆளை அதே ஜுவென்டஸிடமிருந்து 105 மில்லியன் யூரோவுக்கு, உலகச் சாதனை விலைக்கு, திரும்ப வாங்கியது. 2022-ல் மறுபடி இலவசமாக விட்டது. எங்கே போனார்? ஜுவென்டஸுக்கே! யுனைடெட் ரசிகர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்களுக்கு என் அனுதாபம்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஃபாதர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது.

போக்பா பந்து உதைக்கக் கற்றுக்கொண்டது பாரிஸுக்குப் பக்கத்தில் ரோயிசி-ஆன்-ப்ரீ என்ற சின்ன ஊர் கிளப்பில். நம்ம கிளப் மாதிரி. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபீஃபாவில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்டக்காரன் காசுக்கு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து, அவனை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை அரை சதவீதம். நம்ம பையன் ஒருவன் பத்துக் கோடி ரூபாய்க்குப் போனால், 12 வயதிலிருந்து நான்கு வருடம் அவனை வைத்திருந்த ஊர் கிளப்புக்குப் பத்து லட்சம். பிரேசில் ஆட்டக்காரர் நெய்மாரை 2017-ல் 222 மில்லியன் யூரோவுக்கு, அன்றைய கணக்கில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அந்த மாதிரித் தொகையில் ஒரு சதவீதம் என்ன என்று கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து சொல்லட்டும்.

பத்துக் கோடிக்கு யார் போகப்போகிறான் என்று சிரிக்கிறீர்கள். போகாமல் இருக்கலாம். ஆனால் நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது இந்த மணலில் ஆடிய ஒரு பையன் வெளிமாநில கிளப்புக்குப் போனான். 11 வயதிலிருந்து 17 வரை இங்கே. அங்கே அவன் தாளில் என்ன இருக்கிறது? பதினெட்டு வயதில் ஆட வந்தவன் என்று. நம்ம ஊர் பெயர் எங்குமே இல்லை. ஏனென்றால் நாம் எங்குமே எழுதவில்லை. இப்போது ஆட்டக்காரனுக்கு மின்னணு பாஸ்போர்ட் வந்துவிட்டது. எந்த வயதில் எந்தக் கிளப் என்று அது காட்டும். பதிவில் இருப்பதைத்தான் காட்டும், டீக்கடை சாட்சி செல்லாது. மாவட்டச் சங்கத்தில் இணைந்த கிளப், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பதிவில் பையனைப் பன்னிரண்டு வயதிலேயே ஏற்ற வேண்டும். விளைகிற எள்ளெல்லாம் நம்ம மண்ணில், எண்ணெய் மட்டும் வேறு ஊரில் என்றால் என்ன நியாயம்?

பெண் பிள்ளைகளையும்தான். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே ஜெயித்தது. நம்ம ஊரில் சாயங்காலம் எட்டுப் பெண் பிள்ளைகள் ஆட வருகிறார்கள். நான்கு மணிக்கு மைதானத்தை அவர்களுக்கு விடுங்கள் என்று நான் எத்தனையோ மேடையில் சொல்லிவிட்டேன், இந்த மேடையிலும் சொல்கிறேன்.

உலகக்கோப்பையைப் பற்றி மூன்றாவதாகப் பேசுவதாகச் சொன்னேன். 2026 உலகக்கோப்பைக்கு 48 அணி, நடத்துவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடு. குராசாவ் என்று ஒரு தீவு தகுதி பெற்றிருக்கிறது. மக்கள்தொகை ஒன்றரை லட்சம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011-லேயே 18 லட்சத்துக்கு மேல். அந்த அணியில் பலர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் யார் நம்ம ஆள், எங்கே ஆடுகிறான் என்று அந்தத் தீவு கணக்கு வைத்திருக்கிறது. மீதியை இன்னொரு நாள் பேசலாம், கோப்பை கொடுக்க நேரமாகிவிட்டது.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் நூலகத் திண்ணையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு வயது நிறைந்த, நிறையப்போகிற பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு புகைப்படம் கொண்டுவாருங்கள். அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மா கையெழுத்துப் போதும். புகைப்படத்துக்குக் காசில்லாதவர்களுக்கு ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி இலவசமாக எடுத்துத் தருவதாக இப்போது என் காதில் சொன்னார், அவருக்கும் ஒரு கைதட்டல். இரண்டாம் பரிசு வாங்குகிற அணி முதலில் மேடைக்கு வரட்டும்.