மதுக்கடையிலேயே மேடை போடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் லிட்டில் இந்தியா சொந்தங்களே, வணக்கம்.

நம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறி, பணமுள்ளவர்கள் வந்து அமரும் கதையை நம் இளைஞர்கள் நாடகமாக எழுதியிருக்கிறார்கள். அதை நல்ல அரங்கில் போடுவதா, தெருமுனை மதுக்கடையில் போடுவதா என்பதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர், "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு, அங்கே எதற்கு நாடகம்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, வாடகையை ஏற்றி நோட்டீஸ் அனுப்பினவர்கள் எல்லாரும் நிதானத்தில் இருந்தவர்கள்தான்!

1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம். அதை நம்பித்தான் மசாலாக் கடைக்காரரும் தையல்காரரும் பூக்கட்டுகிறவரும் கீழே தொழில், மேலே குடும்பம் என்று காலம் தள்ளினார்கள். வீட்டுக்காரருக்கும் திண்டாட்டம்தான், வந்த வாடகையில் கூரையைக்கூடப் பழுதுபார்க்க முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1997இல் சட்டத்தை ரத்து செய்து, 1999 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் வீட்டுக்காரர் சொன்னதுதான் வாடகை. அப்புறம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் ஏறியது. அது சுவரையும் சன்னலையும் காப்பாற்றும். உள்ளே குடியிருப்பவரைக் காப்பாற்றாது. கடைவீடுகள் ஹோட்டலாயின, கோப்பியும் விலையேறிப் போனது.

எதிரணி சொல்லும் அரங்கம் எங்கே இருக்கிறது? ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில். கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம், பக்கத்தில் உல்லாசப் படகுத்துறை, சுற்றிலும் விலை கேட்டாலே மயக்கம் வரும் வீடுகள். அரங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இடம் பறிபோன கதையை அங்கே கொண்டுபோனால் யார் பார்ப்பார்கள்? வாங்கினவர் பார்ப்பார். விட்டுப்போனவர் டிக்கெட்டும் எடுத்து, பஸ்ஸும் பிடித்து வருவாரா?

இப்போது மதுக்கடைக்கு வாருங்கள். இரண்டாம் காட்சியில் வீட்டுக்காரரின் கடிதம் வருகிறது. அரங்கில் அதற்கு ஒரு கவுண்டர் செய்ய வேண்டும், பழசாகத் தெரிய வர்ணம் பூச வேண்டும். இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது: நாற்பது வருஷ முழங்கை பட்டுத் தேய்ந்த பலகை, கம்பியில் குத்திய பில்கள், கடன் எழுதும் நீள நோட்டு. ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர் அந்த நோட்டில் இன்னும் இருக்கும், பாக்கியோடு! நடிகர் கடிதத்தை உருக்கமாகப் படிக்கும்போது மூலை மேசைப் பெரியவர் சும்மா இருப்பாரா? "அவ்வளவு நாள் அவகாசம் எங்கேப்பா குடுத்தான், ரெண்டே மாசம்தான்" என்று திருத்துவார். எந்த இயக்குநருக்கு இப்படி ஓர் உதவியாளர் கிடைப்பார்?

பெண்களும் பிள்ளைகளும் எப்படி வருவார்கள் என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஞாயிறு மத்தியானம் போடுங்கள். விற்பனையை நிறுத்திவிட்டு, போத்தல் அலமாரிக்குத் துணி போடுங்கள். கடைவீட்டின் முன்பக்கக் கதவுகள் அகலத் திறக்கும். உள்ளே வர மனமில்லாதவர் கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டுப் பார்க்கட்டும். கூத்து ஆளைத் தேடிப் போவது பினாங்குக்குப் புதிதா என்ன? முஹர்ரம் மாதத்தில் போரியாக் குழுக்கள் வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடிய ஊர் இது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நம் தமிழ் முஸ்லிம் அண்டைவீட்டார் பலருக்கு அந்த அஞ்சடியில் உட்காருவதும் சங்கடம்தான். கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்து வியாபாரிகள் இல்லாமல் இந்தக் கதை பாதிக் கதை. அதற்காக ஸ்ட்ரெய்ட்ஸ் கீக்கு ஓட வேண்டியதில்லை, நடுவரே. மறுவாரம் நாசி கண்டார் சோற்றுக்கடையில் இன்னொரு காட்சி போடுங்கள். கவுண்டர் அங்கேயும் இருக்கிறது, வாடகைக் கவலையும் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துவிடுகிறேன், வணக்கம்.