தினசரி வாழ்க்கைல மேஜிக்: மாடர்ன் பேகனிசம் என்ன சொல்லுது?

[திரையில்: ஜன்னல் ஓரம் ஒரு மெழுகுவர்த்தி, வெளிய மழைத்தூறல்]

வணக்கம் மக்களே. பேகன், விட்ச்கிராஃப்ட் (சூனியம்)னு எங்க தேடினாலும் முதல்ல கண்ணுல படறது கிரிஸ்டல், மண்டை ஓடு, கருப்பு அங்கி, அப்புறம் நினைச்சது உடனே நடக்கும்னு அடிச்சு சொல்ற தலைப்புகள். அத பார்த்து சில பேர் பயந்து ஒதுங்கிடறாங்க, சில பேர் பெரிய லிஸ்ட் போட்டு சாமான் வாங்க கிளம்பிடறாங்க, ரெண்டு தரப்புமே விஷயத்துக்குப் பக்கத்துலகூட வரலங்கறதுதான் என்னோட ஆதங்கம். இந்த வீடியோல மாடர்ன் பேகனிசம்னா என்ன, எங்கேருந்து வந்துச்சு, அவங்க மேஜிக்னு எத சொல்றாங்க, வேலைக்கு ஓடற சாதாரண நாள்ல அத எப்படி செய்யறது, இதெல்லாம் பேசலாம்.

முதல்ல அந்த பயத்த தீர்த்துடுவோம். பேகன்கள் சாத்தான கும்பிடறவங்க கிடையாது, விக்கா, ட்ரூயிட்னு பேகனிசத்துல இருக்கற முக்கியமான வழிகள்ல சாத்தானுக்கு இடமே இல்ல. வட்டத்துக்குள்ள அஞ்சு முனை நட்சத்திரம் ஒண்ணு இருக்கே, அத பார்த்தாதான் பல பேருக்கு பகீர்ங்குது, விக்கால அதோட நாலு முனை நிலம், காத்து, நெருப்பு, தண்ணி, அஞ்சாவது ஆன்மா, அவ்வளவுதான் அர்த்தம். அமெரிக்காவுல இறந்துபோன ராணுவ வீரர்களோட கல்லறைக் கல்லுல அந்த சின்னத்த பொறிக்க வருஷக்கணக்கா போராடி, கோர்ட் வரைக்கும் போயி, 2007லதான் அரசாங்கம் ஒத்துக்கிச்சு. தன் புருஷன் எந்த நம்பிக்கையோட வாழ்ந்தாரோ அந்த அடையாளத்தோட அவர புதைக்கணும்னு கேட்ட மனைவிங்க அந்த வழக்குல இருந்தாங்க, அத நினைக்கும்போது இது விளையாட்டு சமாச்சாரம் இல்லன்னு புரியும்.

[திரையில்: 1954னு பெரிய எழுத்துல]

பேகனிசம்ங்கறது ஒரே மதம் இல்ல, இயற்கையையும் பழைய தெய்வங்களையும் மதிக்கற பல வழிகளுக்கு சேர்த்து வச்ச பேரு. விக்கா இருக்கு, பழைய கெல்டிக் பூசாரிகளோட பேர எடுத்துக்கிட்ட ட்ரூயிட்கள் இருக்காங்க, வடக்கு ஐரோப்பாவோட பழைய தெய்வங்கள வழிபடற ஹீதன்கள் இருக்காங்க. ஐஸ்லாந்துல 1972ல ஒரு சின்ன கூட்டமா ஆரம்பிச்ச ஆசாத்ரூங்கற ஹீதன் அமைப்புக்கு அடுத்த வருஷமே அரசாங்க அங்கீகாரம் கிடைச்சுது, இப்ப உறுப்பினர்கள் 5,000த்த தாண்டியாச்சு, அவ்வளவு சின்ன நாட்டுல இது பெரிய எண்ணிக்கை. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து 2021 சென்சஸ்ல சுமார் 74,000 பேர் தங்களோட மதம் பேகன்னும், தனியா 13,000 பேர் விக்கான்னும் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு தலைவர் கிடையாது, எல்லாரும் ஏத்துக்கிட்ட புனித நூலும் கிடையாது. பல தெய்வம் உண்டுன்னு நம்பறவர், இயற்கையே தெய்வம்ங்கறவர், தெய்வமே இல்ல ஆனா இந்த சடங்கு எனக்கு வேணும்ங்கறவர், மூணு பேரும் ஒரே நெருப்ப சுத்தி நிப்பாங்க, அதுக்காக சண்டையும் வராது.

இதுல விக்காவோட கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும். ஜெரால்டு கார்ட்னர்னு ஒரு ஆங்கிலேயர், 1884ல பிறந்தவர், சிலோன், போர்னியோ, மலாயான்னு பல வருஷம் தோட்டத்துலயும் சுங்க இலாகாவுலயும் வேலை பார்த்துட்டு 1936ல ரிட்டயர் ஆகி ஊர் திரும்பினார். 1939ல தெற்கு இங்கிலாந்துல நியூ ஃபாரஸ்ட் பகுதில ஒரு ரகசிய சூனியக்காரர் குழு தன்ன சேர்த்துக்கிச்சுன்னு பின்னாடி சொன்னார். பிரிட்டன்ல 1735லேருந்து இருந்த விட்ச்கிராஃப்ட் சட்டம் 1951ல ரத்தாச்சு, அதுக்கப்புறம் 1954ல அவர் வெளிப்படையா புத்தகமே போட்டார். டோரீன் வேலியன்ட்னு ஒரு பெண்மணி 1953ல அவர்கிட்ட சேர்ந்து, சடங்குல சொல்ற பல வரிகளுக்கு உயிர் குடுத்தது அவங்கதான், என்னப் பொறுத்தவரைக்கும் விக்காவோட அழகுல பெரிய பங்கு அவங்களுக்குத்தான் சேரணும்.

கார்ட்னர் இது கற்காலத்துலேருந்து அறுந்துபோகாம வந்த மதம்னு நினைச்சார். ஆனா வரலாற்று ஆய்வாளர்கள் அத ஏத்துக்கல, குறிப்பா ரொனால்டு ஹட்டன் 1999ல ரொம்ப விரிவா எழுதி காட்டினார், இது இருபதாம் நூற்றாண்டுல பழைய கவிதை, நாட்டுப்புற வழக்கம், ரகசிய சங்கங்களோட சடங்கு எல்லாத்தையும் சேர்த்து உருவான புது மதம்னு. இத கேட்டு சில பேருக்கு மனசு உடைஞ்சுபோச்சு. எனக்கு நேர்மாறா, மரியாதை கூடிப்போச்சு. ஏன்னா மாக்ஸ் வெபர்ங்கற ஜெர்மன் சமூகவியலாளர் 1917லயே மியூனிக்ல பேசும்போது சொன்னாரு, நவீன உலகத்துல எல்லாத்தையும் கணக்கு போட்டு புரிஞ்சுக்கலாம்ங்கற நிலை வந்ததுல உலகத்துலேருந்து மாயம் வடிஞ்சுபோச்சுன்னு. அந்த வறட்சிய உணர்ந்த மனுஷங்க உட்கார்ந்து, யோசிச்சு, நிலாவையும் பருவத்தையும் மறுபடி தங்களோட வாழ்க்கைக்குள்ள கொண்டுவந்தாங்க, அதுக்கு வயசு நூறுகூட ஆகலங்கறதால அது பொய்யாயிடாது.

[திரையில்: எட்டு ஆரம் உள்ள சக்கரம், மெதுவா சுத்துது]

இப்ப வருஷச் சக்கரம். வருஷத்துல எட்டு பண்டிகை. சூரியன வச்சு நாலு: டிசம்பர்ல ரொம்ப நீளமான ராத்திரி, அது யூல், ஜூன்ல ரொம்ப நீளமான பகல், நடுவுல மார்ச்லயும் செப்டம்பர்லயும் பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமமா வர்ற ரெண்டு நாள். இதுக்கு நடுநடுல பழைய ஐரிஷ் மரபுலேருந்து எடுத்த நாலு: பிப்ரவரி ஆரம்பத்துல இம்போல்க், மே ஆரம்பத்துல பெல்டேன், ஆகஸ்ட் ஆரம்பத்துல லூனசா, அப்புறம் அக்டோபர் கடைசில இறந்தவங்கள நினைக்கற சௌவின். இந்த எட்டையும் ஒண்ணா கொண்டாடின பழைய இனம்னு ஒண்ணு கிடையாது, 1950கள்ல கார்ட்னர் பக்கத்து விக்காக்காரங்களும் ட்ரூயிட் ராஸ் நிக்கல்ஸும்தான் இப்படி ஒரு முழு சக்கரமா கோத்தாங்க.

சரி, இந்த தேதியெல்லாம் பிரிட்டன் வானத்துக்கு எழுதினது. ஆஸ்திரேலியாவுல ஒரு பேகன் என்ன பண்ணுவார்? அக்டோபர் 31 அன்னைக்கு வடக்குல இருக்கறவங்க இலை உதிர்ந்து இருட்டு கூடற நேரத்துல சௌவின் கொண்டாடுவாங்க, அதே நாள் தெற்குல வசந்தம் பொங்கிக்கிட்டு இருக்கும், அதனால அங்க பல பேர் அன்னைக்கு பெல்டேன் கொண்டாடறாங்க, யூல அவங்க ஜூன்ல வச்சுக்கறாங்க. அதோட நிக்கல. வடக்குல சூரியன் நடுப்பகல்ல தெற்குப் பக்கமா இருக்கும், அதனால நெருப்புக்கு திசை தெற்கு, சடங்கு வட்டத்த கடிகார முள் சுத்தற திசைல போடறாங்க. தெற்குல நடுப்பகல் சூரியன் வடக்குல நிக்கும், அது வானத்துல நகர்றதும் எதிர்ப்பக்கமா தெரியும், அதனால அங்க பல பேர் நெருப்ப வடக்குல வச்சு வட்டத்த எதிர்த்திசைல போடறாங்க. புத்தகத்துல என்ன இருக்குங்கறத விட தலைக்கு மேல சூரியன் எந்தப் பக்கம் போகுதுங்கறது முக்கியம்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க பாருங்க, இந்த வழியோட உயிர்நாடியே எனக்கு அங்கதான் தெரியுது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கீங்க, நாலு பருவமே கிடையாது, மழை உண்டு வறட்சி உண்டு அவ்வளவுதான்னா, அந்த எட்டையும் அப்படியே காப்பி பண்ணாதீங்க, முதல் மழை, காத்து திசை மாறற நாள், முதல் பூ, இத வச்சு உங்க சக்கரத்த நீங்களே போடுங்க.

[திரையில்: ஆழ்கடல்ல ஒரு சின்ன படகு]

மேஜிக் வேலை செய்யுமான்னு எல்லாரும் கேக்கற கேள்விக்கு வர்றேன். மாலினோவ்ஸ்கிங்கற மானிடவியலாளர் முதல் உலகப்போர் சமயத்துல பப்புவா நியூ கினியா பக்கத்துல இருக்கற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல தங்கி ஆய்வு பண்ணவர், அவர் கவனிச்சது, உள் காயல்ல மீன் பிடிக்கப் போறவங்க மந்திரம் எதுவும் சொல்றதில்ல, அங்க ஆபத்தும் இல்ல, மீனும் நிச்சயம், ஆனா ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்கு செய்வாங்க. அதுக்காக மந்திரமே படக ஓட்டிடும்னு அவங்க நினைக்கல, படகையும் நல்லா கட்டுவாங்க, மந்திரமும் சொல்லுவாங்க. நம்ம கைக்குள்ள இருக்கறத திறமையா செய்யறது, கைய மீறினதுக்கு முன்னாடி மனச நிறுத்தறது, ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நாள்ல செஞ்சாரு. நான் மேஜிக்க புரிஞ்சுக்கறதும் இப்படித்தான், தெய்வத்த நேரடியா நம்பறவங்க இதவிட அதிகமா சொல்லுவாங்க, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா டாக்டர் குடுத்த மருந்துக்கு பதிலா மெழுகுவர்த்தி ஏத்துன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

[திரையில்: குண்டூசியால மெழுகுல கீறற கை]

நடைமுறைக்கு வருவோம். நாளைக்கு ஒரு இன்டர்வியூன்னு வைங்க. ஒரு சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி போதும். குண்டூசியால அதுல ஒரே ஒரு வார்த்தை கீறுங்க, வேலைன்னு எழுதாதீங்க, அந்த ரூம்ல நீங்க எப்படி இருக்கணுமோ அத எழுதுங்க, தெளிவுன்னோ தைரியம்னோ. அந்த வார்த்தைய தேர்ந்தெடுக்கறதுக்குள்ளயே பாதி வேலை நடந்துடும், ஏன்னா எத நினைச்சு பயப்படறோம்னு அப்பதான் மனசு ஒத்துக்கும். மெழுகு துருவி விழறத பாருங்க, எழுத்து கோணலா வரும், பரவாயில்ல. ஏத்திட்டு, நாளைக்கு காலைல செய்யப்போற முதல் காரியத்த சத்தமா சொல்லுங்க. சுடர் அந்த எழுத்த உருக்கி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, எழுந்து போகணும்னா அணைச்சுட்டு போங்க.

இத விட சின்னதும் இருக்கு. சூடா ஏதாவது குடிக்கறப்ப கலக்கறோமே, அதுல விக்கா வழக்கப்படி சூரியன் போற திசைல கலக்கினா ஒண்ண வரவழைக்கறது, எதிர்த்திசைல கலக்கினா ஒண்ண அனுப்பி வைக்கறது. வீடு பெருக்கும்போது வாசல பார்த்து பெருக்கி, நேத்து நடந்த சண்டையயும் சேர்த்து வெளிய தள்ளறேன்னு நினைச்சுக்கறது. இதுக்கெல்லாம் தனியா நேரமே ஒதுக்க வேண்டாம்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு மரத்த தேர்ந்தெடுத்து வருஷம் பூரா பார்க்கறது. நான் தினமும் கடந்து போற மரம் ஒண்ணு, அதோட அடிப்பட்டைல ஒரு பிளவு, அதுக்குள்ள எறும்பு ஏறுது இறங்குது, பிளவோட ஓரம் தடிச்சு உருண்டு மரம் அந்த காயத்த தானே மூடிக்கிட்டு வருது. தெருவிளக்கு வெளிச்சம் படற கிளைல மட்டும் இலை உதிர்றது தள்ளிப்போகுது, மத்த கிளையெல்லாம் மொட்டையா நிக்கும்போது அது மட்டும் பச்சையா இருக்கும். ராத்திரி எதுன்னே தெரியாம அந்த கிளை குழம்பி நிக்குதுன்னு புரிஞ்ச அன்னைக்கு நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். இத யாரும் சொல்லிக்குடுக்கல, திரும்பத் திரும்ப பார்த்ததுல வந்தது.

சாமான் விஷயத்துல சில எச்சரிக்கை. புகை போடறதுக்குன்னு வெள்ளை சேஜ் இலைக் கட்டு எல்லா இடத்துலயும் விக்கறாங்க, அது தெற்கு கலிஃபோர்னியாவுலயும் அத ஒட்டின மெக்ஸிகோ பகுதிலயும் காட்டுல வளர்ற செடி, திருட்டுத்தனமா மூட்டை மூட்டையா வெட்டிக்கிட்டு போறாங்க, அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு அது புனிதமானது, அவங்களோட சடங்குகளுக்கு 1978ல சட்டம் வந்துதான் பாதுகாப்பே கிடைச்சுது. அத அவங்களுக்கே விட்டுடுங்க, உங்களுக்கு புகை வேணும்னா நீங்களே வளர்த்த செடியோட காஞ்ச இலை போதும். பூனை இருக்கற வீட்டுல டீ ட்ரீ மாதிரி எண்ணெய் வேண்டாம், அதுக்கு விஷம். சடங்குல வச்ச உப்ப மண்ணுல கொட்டாதீங்க, பூமிய வணங்கறேன்னு சொல்லிட்டு அங்க ஒண்ணும் முளைக்காம பண்ணிடுவீங்க.

குழுவுல சேரணுமான்னா, கட்டாயம் இல்ல, தனியா செய்யறவங்க எக்கச்சக்கம் பேர். சேர்ந்தா, பணத்த முன்னாடி கேக்கறவங்க, வீட்டுல சொல்லாதன்னு சொல்றவங்க, சடங்குன்னு சொல்லி உங்க உடம்பு மேல உரிமை எடுத்துக்கறவங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே வெளிய வந்துடுங்க. யாருக்கும் கெடுதல் பண்ணாதங்கறதுதான் விக்காவோட அடிப்படையே.

[திரையில்: தேஞ்சு வளர்ற நிலா, வரிசையா]

எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கன்னா, நிலா. ஒரு சுத்துக்கு சுமார் 29.5 நாள். புதுப்பிறை சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துல மேற்குல தெரியும், பௌர்ணமி நிலா ஏறக்குறைய சூரியன் மறையற நேரத்துக்கே கிழக்குல எழும்பும், அதுக்கு நடுவுல ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் தள்ளித் தள்ளி உதிக்கும். மொபைல் ஆப்ப பார்க்காம வெளிய போய் பாருங்க, ஒரு நோட்டுல தேதி, நிலா எந்தப் பக்கம், எவ்வளவு பெருசு, அன்னைக்கு உங்க மனசு எப்படி இருந்துச்சு, நாலே வரி. ஒரு முழு சுத்து எழுதுங்க, மேகம் மூடியிருந்தா மேகம்னே எழுதுங்க, பிறகு பண்டிகை பத்தி யோசிக்கலாம்.