புது பெயிண்ட் நாத்தம்: ரெண்டு நாள்ல போயிடும்னு விட்டுடலாமா?

[காட்சி: தண்டையார்பேட்டை, மாடி ரூம். ஒரே ஒரு ஜன்னல். சுவர் பாதி பழைய பச்சை, பாதி புது கிரீம் கலர்.]

எங்க அக்காவுக்கு வளைகாப்பு முடிஞ்சு வீட்டுக்கு கூட்டிட்டு வரணும், அதுக்குள்ள இந்த ரூமை கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடலாம்னு அம்மா சொல்ல, எங்க மாமா ஞாயித்துக்கிழமை காலைலயே வந்து பட்டி பாத்து பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. அவரு முப்பது வருஷமா பெயிண்டரு. சாயந்திரம் நான் உள்ள போனா கண்ணு எரியுது, தலை கிர்ருங்குது. "இன்னா மாமா இப்டி நாறுது, அக்கா வேற வரப்போவுது"ன்னா, "புது பெயிண்ட்டுன்னா அப்டித்தான்டா, ரெண்டு நாள்ல போயிடும், ஒண்ணும் ஆவாது"ங்குறாரு.

மாமா சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு.

[காட்சி: ரெண்டு டப்பா பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு எமல்ஷன் (தண்ணி கலக்குற பெயிண்ட்), ஒண்ணு எனாமல் (தின்னர் கலக்குற எண்ணெய் பெயிண்ட்).]

பெயிண்ட்டுன்னா கலர் பவுடர், அதை சுவத்துல ஒட்ட வைக்குற பசை மாதிரி ஒண்ணு, இது ரெண்டையும் ஓட விடுற தண்ணி, இல்லன்னா தின்னர். பெயிண்ட் காயுதுன்னா அந்த திரவம் காத்துல கலக்குதுன்னு அர்த்தம். டிஸ்டம்பர், எமல்ஷன்ல பெரும்பாலும் போறது தண்ணி, கூட கொஞ்சம் அம்மோனியா, கெட்டுப்போகாம இருக்க போடுற மருந்து, இன்னும் சில ஐட்டம். எனாமல்ல அப்டி இல்ல, அதுல இருக்கிறது டர்பன்டைன் வகை எண்ணெய், கலக்குற சில தின்னர்ல டொலுயின், சைலீன் எல்லாம் இருக்கும், தானா ஆவியாகி காத்துல போற இந்த மாதிரி கெமிக்கலுக்கு மொத்தமா விஓசின்னு பேரு.

நம்ம வீட்டுல சுவத்துக்கு எமல்ஷன்தான் அடிப்போம், ஆனா கதவு, ஜன்னல் கம்பி, பீரோ எல்லாம் எனாமல், கிச்சன்ல எண்ணெய் பிசுக்கு துடைக்கணும்னு கீழ் பாதி சுவத்துக்கும் எனாமல் அடிச்சிருப்பாங்க. மண்டை வலிக்கு முக்கால்வாசி காரணம் அந்த கதவும் கம்பியும்தான், சுவர் இல்ல. இதை மாமாவே ஒத்துக்கிட்டாரு.

இன்னொரு விஷயம், எனாமல்ல தின்னர் எல்லாம் போனதுக்கு அப்புறமும் வாசனை ஏன் நாள் கணக்கா நிக்குது? அந்த பெயிண்ட்ல இருக்கிற எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்துதான் இறுகும், இறுகும்போது ஆல்டிஹைடுன்னு வேற வாயு விடும். அதான் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா மோந்தா இன்னும் வாடை வரும்.

சரி, இதெல்லாம் உடம்பை என்ன பண்ணும்? கொஞ்ச நேரம் சுவாசிச்சா கண்ணு எரிச்சல், தொண்டை கரகரப்பு, தலைவலி, குமட்டல், வெளில காத்துல வந்து நின்னா சரியாயிடும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அவ்ளோ ஈஸியா போகாது, இழுப்பு வந்துடலாம். குழந்தைங்க எடைக்கு நம்மளவிட அதிக காத்து இழுக்கும், அதனால அவங்களுக்கு டோஸ் ஜாஸ்தி. மாசமா இருக்கிறவங்க விஷயத்துல, யாரோ ஒரு தடவை ஒரு ரூமுக்கு எமல்ஷன் அடிச்சதால குழந்தைக்கு ஆபத்துன்னு பயப்பட தேவையில்ல, ஆனா எனாமல் காயுற ரூம்ல அன்னைக்கு ராத்திரியே கதவை சாத்திக்கினு தூங்க வைக்கிறது, அது வேணாம்.

மூக்கை நம்பாதீங்க, அது முக்கியம். உள்ளயே பத்து பதினஞ்சு நிமிஷம் இருந்தா மூக்கு பழகிடும், வாசனை போயிடுச்சுன்னு தோணும், வெளில போய் திரும்ப வந்தீங்கன்னா அப்பத்தான் தெரியும் எவ்ளோ இருக்குன்னு.

[காட்சி: மேசை ஃபேன் ஜன்னலைப் பாத்து ஓடுது.]

எங்க அம்மா வெங்காயத்தை வெட்டி நாலு மூலைலயும் வெச்சாங்க. ரூம்ல வெங்காய நாத்தமும் சேந்துடுச்சு, அவ்ளோதான். ஏசி போட்டா போயிடும்னு நினைக்காதீங்க, ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும். துணி மாஸ்க், என்95 ரெண்டும் தூசியைத்தான் தடுக்கும், ஆவி நேரா உள்ள போகும், அதுக்கு கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும். நமக்கு காசு செலவில்லாத வழி, ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி காத்தை வெளில தள்ளுறது, எதிர் பக்கம் கதவை திறந்து வைக்குறது. மணலி, எண்ணூர் பக்கம் இருக்கிறவங்க சிரிப்பீங்க, ஜன்னலைத் திறந்தா அந்தாண்ட வர காத்து மட்டும் என்ன பன்னீரான்னு. நியாயம்தான், 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அம்மோனியா கசிஞ்ச ராத்திரியை எவன் மறப்பான். அந்த மாதிரி வாடை அடிக்கிற நேரத்துல மூடிட்டு, காத்து மாறினதும் திறங்க. மழைக்காலத்துல அடிக்காதீங்க, ஈரத்துல எமல்ஷன் காய ரொம்ப நேரம் எடுக்கும், ஜன்னலும் திறக்க முடியாது. அப்புறம் எனாமல் அடிக்கிற அன்னைக்கு பக்கத்துல ஸ்டவ் பத்த வைக்காதீங்க, தின்னர் ஆவி காத்தைவிட கனம், தரையோட ஊர்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும்.

[காட்சி: ஜன்னல் சட்டத்துல உரிஞ்சு நிக்குற பழைய பெயிண்ட், குளோசப்.]

இப்போ வாசனையே இல்லாத ஒண்ணு. எனக்கு நாத்தத்தைவிட இதுதான் பயம். அடிக்கிறதுக்கு முன்னாடி மாமா உப்புத்தாள் போட்டு பழைய பெயிண்ட்டை தேய்ச்சாரு பாருங்க, ரூம் ஃபுல்லா தூசி. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு 2016ல விதி போட்டாங்க, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதுக்கு முன்னாடி அடிச்ச பழைய எனாமல்ல, முக்கியமா மஞ்சள், சிவப்பு, பச்சைல, ஈயம் நிறைய இருக்கலாம். எங்க ஜன்னல் எங்க தாத்தா காலத்து பச்சை. அந்த தூசி தரைல விழும், குழந்தை தவழ்ந்து கையை வாயில வைக்கும், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயித்துல இருக்கிற குழந்தைக்கும் தாய் வழியா போகும். அதனால தேய்க்கணும்னா தண்ணி தொட்டு தேய்ங்க, பெருக்காதீங்க, ஈரத்துணியில துடைங்க, மாசமா இருக்கிறவங்க அந்த நேரம் வீட்டுலயே இருக்க வேணாம்.

இவ்ளோ சொன்னதுக்கு அப்புறம் "நான் முப்பது வருஷமா அடிக்கிறேன், எனக்கு இன்னா ஆச்சு"ன்னாரு மாமா. அங்கதான் மேட்டரே. நமக்கு இது வாழ்க்கைல நாலஞ்சு ஞாயித்துக்கிழமை, அவருக்கு தினமும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1989லயே பெயிண்டர் வேலையை புற்றுநோய் உண்டாக்குற வேலைன்னு முதல் பிரிவுல வெச்சாச்சு, முக்கியமா நுரையீரல் புற்றுநோய்க்கு, பின்னாடி சிறுநீர்ப்பையும் சேந்துச்சு. வருஷக்கணக்கா தின்னரை சுவாசிச்சா ஞாபகம் குறையுறது, எரிச்சல் படுறதெல்லாம் வரும்னு ஸ்காண்டிநேவியா நாடுகள்ல 1970கள்லயே கண்டுபிடிச்சாங்க. வேலை முடிஞ்சு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டா எல்லாம் அடிச்சிக்கினு போயிடும்னு நம்புறாரு அவரு. வாழைப்பழம் வயித்துக்குல்ல போவுது மாமா, இது நெஞ்சுக்குல்ல போவுது.

கடைசில கரி ஃபில்டர் மாஸ்க் ஒண்ணு வாங்கி குடுத்தேன், வாங்கி பையில வெச்சிக்கினாரு, போட்டாரான்னு தெரியாது. ரெண்டாவது கோட்டுக்கு கதவை மட்டும் கழட்டி மொட்டை மாடிக்கு தூக்கினோம், அங்க பக்கத்து வீட்டு அண்ணன் புறா கூண்டு வெச்சிருக்காரு, "யோவ், பறவைக்கு நம்மளவிட சீக்கிரம் ஏறிக்கும்யா, அந்தாண்ட கொண்டு போங்க"ன்னு கத்தினாரு, அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதனால கடல் காத்து கூண்டுப் பக்கம் அடிக்காத மாதிரி மேற்கு மூலைல சாத்தினோம். அக்கா ஒரு வாரம் கழிச்சு வந்தா. அப்போ ரூமுக்கு கதவு இல்ல, அம்மாவோட பழைய புடவைதான் தொங்கிக்கினு இருந்துச்சு.