இடுப்பில் கிடக்கும் கொழுக்கி

வணக்கம் நேயர்களே. முல்லைத்தீவுக் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் போட்டு இறங்குகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். காற்றைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். நான் கதைக்கப்போவது பையையும் ரோச்சையும் உடம்போடு கொழுவுகிற சின்னக் கொழுக்கியைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன், ஒரு சோளகக் காலம். அலம்பிலுக்கு நேரே பத்து மீற்றர் ஆழம் இருக்கும். கடலடிப் பாறையான பாரில் யாரோ விட்டுப்போன தங்கூசி வலை சுற்றிக் கிடந்தது. அதை ஒட்டி நகர்ந்தேன், அவ்வளவுதான். யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. என் பையை மாட்டியிருந்தது திறப்புக்கோவைக் கரபினர். தள்ளினால் வாய் உள்ளே மடியும், விட்டால் தானே மூடும். நூல் தானாகவே தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது, வெளியே வர வழியில்லை. நான் திரும்பத் திரும்ப இன்னும் இரண்டு நூல் ஏறியது. கத்தி இருந்தது. ஆனால் கரபினரை வளையத்தோடு இரும்புக்கு இரும்பாக அல்லவா பூட்டியிருந்தேன்? வலையைத்தான் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டுகிற கேஜில், நூறில் நின்ற முள் அறுபதுக்கு வந்துவிட்டது. அந்தக் கரபினர் இப்போது வீட்டில் ஆட்டுக்கயிற்றில் இருக்கிறது.

குகைகளுக்குள் இறங்கும் சுழியோடிகள் இந்த வகைக்குத் தற்கொலைக் கொழுக்கி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வழிக்கயிறு தானாக ஏறி மாட்டிக்கொள்ளும். எங்களிடம் குகை இல்லை, சரி, வலை இருக்கிறதே.

வாங்க வேண்டியது போல்ட் ஸ்னாப். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, குமிழைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் வாய் திறக்கும். நூல் வந்து முட்டித் திறக்காது. கையுறை போடுபவர் என்றால் கையுறையோடு இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பளபளப்பில் ஏமாற வேண்டாம். 316 என்ற வகைத் துருவேறா எஃகு கேளுங்கள். அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304 என்ற வகை பார்வைக்கு அதே மாதிரிதான், கடலில் முந்திக்கொண்டு புள்ளி புள்ளியாகத் துரு காணும். காந்தம் இறுக ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டவில்லை என்பதற்காக நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள், நாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குமிழை நாலைந்து தரம் இழுத்து விட்டுக் கழுவுங்கள். உள்ளே இருக்கிற சுருள்வில்லில்தான் உப்பு உறையும்.

அப்புறம் கட்டுகிற விதம். கொழுக்கிக்கும் பொருளுக்கும் நடுவில் எப்போதும் நைலோன் கயிறு இருக்கட்டும், மாட்டினால் கத்தி அறுக்க ஏதாவது வேண்டுமே. வலை பின்னுகிற கைகளுக்கு முடிச்சு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நுனியை மட்டும் லைற்றரால் உருக்கிவிடுங்கள். கூட்டாளிக்குக் கொடுக்கிற இரண்டாவது றெகுலேற்றரை, அதாவது வாயில் வைத்து மூச்செடுக்கிற கருவியை, இழுத்த இழுப்பில் அறுந்து வருகிற ரப்பர் வளையத்தில் கட்டுங்கள்; காற்றில்லாமல் தவிப்பவன் குமிழைத் தேடமாட்டான். கீழே இறங்கப் பாரத்துக்குக் கட்டுகிற ஈயப் பட்டியில் எந்தக் கொழுக்கியும் வேண்டாம், ஒரு கையால் தட்டினால் அது கழன்று விழ வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.