லா ரிங்கோனாடா: தண்ணி 83 டிகிரியிலேயே கொதிக்கிற ஊர்

[காட்சி: கொதிக்கிற பாத்திரம், உள்ளே தெர்மாமீட்டர்]

தண்ணி தளதளன்னு கொதிக்குது. தெர்மாமீட்டர் காட்டுறதோ 83 டிகிரிதான். பெரு நாட்டுல, புனோ பகுதியில, கடல் மட்டத்துக்கு மேல சுமார் 5,100 மீட்டர்ல இருக்கு இந்த ஊர். காத்தழுத்தம் கடற்கரையில இருக்கறதுல கிட்டத்தட்ட பாதிதான். திறந்த பாத்திரத்துல பீன்ஸ் வேகவெச்சா கேஸ்தான் தீரும். குக்கர்ல உள்ளே 110 டிகிரிக்குப் பக்கத்துல ஏறும், வெந்துடும்.

[வரைபடம்: ஹூலியாக்கா நகரத்திலிருந்து, இந்த ஊர் இருக்கிற அனனேயா மலை வரை]

மனுஷங்க நிரந்தரமா குடியிருக்கிற ஊர்கள்லயே உயரமானது இதுதான். வெப்பமண்டலத்துக்குள்ளதான் இருக்கு, ஆனா ஆண்டு சராசரி வெப்பம் 1 டிகிரி சொச்சம். உயரம் ஏற ஏற வெப்பம் குறைஞ்சுக்கிட்டே போகும். விவசாயம் நடக்காது. அப்புறம் ஏன் இங்க ஆயிரக்கணக்கானவங்க? தங்கம்.

சுரங்கத்துல 'கச்சொர்ரேயோ'ன்னு ஒரு பழைய முறை. 30 நாள் சம்பளமில்லாத வேலை. அதுக்கப்புறம் ஒரு நாள் வெட்டுற கல்லு தொழிலாளிக்குச் சொந்தம். அதுல தங்கம் இல்லேன்னா மாசம் முழுக்க உழைச்சது வீண். இதைக் கூலின்னு சொல்ல வாய் வரல, லாட்டரின்னுதான் சொல்லணும். கழிச்சுப் போட்ட கல்லுல தங்கம் தேடுற பெண்களுக்கு 'பல்யாக்கேரா'ன்னு பேரு.

[நெருக்கக் காட்சி: துணியில பிழியற கை]

கல்லை இடிச்சுத் தூளாக்கி, தண்ணியும் பாதரசமும் சேர்த்து அரைப்பாங்க. பாதரசம் தங்கத்தைப் பிடிச்சுக்கும். துணியில வெச்சுப் பிழிஞ்சா உபரிப் பாதரசம் சொட்டும், வெள்ளி நிறத்துல ஒரு உருண்டை மிஞ்சும். அதை நெருப்புல காட்டினா பாதரசம் ஆவியாகித் தங்கம் நிக்கும். தப்பு நடக்கறது இந்த இடத்துலதான். மூடின வாலையில, அதாவது காய்ச்சி வடிக்கிற பாத்திரத்துல, சூடாக்கினா ஆவியைக் குளிரவெச்சுத் திரும்பப் பிடிக்கலாம். திறந்து சுட்டா சுடுறவர் மூச்சுல போகும். மிச்சம் குளிர்ந்து கூரையிலயும் பனியிலயும் படியும். அந்தப் பனி உருகினா தண்ணியில கலக்கும்.

உடம்பு என்ன பண்ணும்? காத்துல ஆக்சிஜன் விகிதம் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறையறதால ரத்தத்துக்குள்ள போறது குறையும். அதை ஈடுகட்ட சிவப்பணு பெருகும். அளவு மீறினா ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகி, தலைவலி, காதிரைச்சல், நீலம் பாய்ஞ்ச உதடு. இதுக்குப் பேரு மோங்கே நோய். உருப்படியான வைத்தியம், கீழே இறங்கறது.

[காட்சி: மலைப்பாதை]

போறவங்களுக்கு: 3,000 மீட்டரைத் தாண்டினா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாது. ஹூலியாக்கா 3,800 மீட்டர், அங்க சில நாள் தங்குங்க. அங்கேருந்து இது 1,300 மீட்டர் தாவல், அதனால பகல்ல போயிட்டு ராத்திரிக்குள்ள இறங்கிடுங்க. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே வண்டியைத் திருப்புங்க.